எழுபத்து மூன்றாம் சதுரம்

முதலில் அது காட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.
சத்தியமாக.

விமானத்திலிருந்து எடுத்த படங்களில்
வோரு மாவட்டத்து ஊசியிலைக் காட்டைச்
சதுரம் சதுரமாகத் திறந்து
மரம் எண்ணுவது என் பிழைப்பு.
எழுபத்திரண்டு வரை வாய் திறக்காத கணினி
எழுபத்து மூன்றைத் திறந்ததும்
ட்ரக்.
ட்ரக் ட்ரக் ட்ரக்.
படத்தை மூடினால்
கொஞ்சம் யோசித்து
நிறுத்திக்கொள்ளும்.

தார்த்து நகரத்தில் பிப்ரவரி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
ஒன்பதாம் மாடியில், மேசைக்கடியில் மண்டியிட்டு
சமையலறைத் தாள் தீர்ந்த அட்டைக் குழலைக்
காதுக்கும் தகரத்துக்கும் நடுவே வைத்து
"நன்றாக மூச்சை இழுத்து விடு" என்றேன்.
விட்டது.
வெதுவெதுப்பாய், தூசி வாசத்தோடு.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஹார்ட் டிஸ்க்மேல்தான் சந்தேகம்.
பதினோரு வயது, சாகிற வயதுதான்.
ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து
அதிலிருந்ததை வேறிடம் ஏற்றினேன்:
வரிக் கணக்கு, மரக் கணக்கு,
மார்யுவோடு சாரெமா தீவுக்குப் போன படங்கள்.
கடைசியில் மட்டும் கை கொஞ்சம் நின்றது.
ஏற்றினேன்.
பிறகு டிஸ்க்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்து
வேறொன்றிலிருந்து காட்டைத் திறந்தேன்.
ட்ரக், என்றது பெட்டி.
வீண்பழி சுமந்ததைத் துணியால் துடைத்து
இருந்த இடத்திலேயே மாட்டினேன்.
மன்னிப்பு கேட்டதாக நினைவில்லை.

பென்சிலின் ரப்பர் முனையால்
ஒவ்வொரு விசிறியின் நெற்றியையும் தொட்டு நிறுத்தினேன்.
விசிறி நின்றது, சத்தம் நிற்கவில்லை.
பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தால்
நாள் முழுக்கக் கப்சிப்.
மூடித் திருகு முடுக்கிக்
காபி கலந்துகொண்டு வருவதற்குள்
ட்ரக்.

கீழ்வீட்டு லேலோ படியேறி வந்தாள்.
முப்பது வருஷம் பறவைகளின் காலில்
வளையம் மாட்டிய கைகள்
கதவு நிலையைப் பிடித்திருந்தன.
"உங்கள் வீட்டில் மரங்கொத்தி இருக்கிறதா?
சின்னப் புள்ளி மரங்கொத்தி.
பெரியதென்றால் இவ்வளவு நேரம் தட்டாது."
அவள் சிரிக்கவில்லை.
அதனால் நானும்.
"தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை,
வாயில் டார்ச், கையில் முகச்சவரக் கண்ணாடி.
பெட்டியின் அடியில் பவர் சப்ளை,
நான் தொட பயந்து விட்டுவைத்த ஒன்று.
அதன் விளிம்பில், ஒரு திருகை மறைத்து ஒட்டிய
கட்டைவிரல் அகலத் தாள்.
பசை போய், ஒரு மூலை நிமிர்ந்து
கம்பி வலைக்குள் நாக்கை நீட்டியிருந்தது.

எழுபத்து மூன்றில் மரம் அடர்த்தி, அவ்வளவுதான்.
மரம் கூடினால் சூடு கூடும்,
சூடு கூடினால் விசிறி வேகம் பிடிக்கும்,
பிடித்த வேகத்தில் உள்ளே இழுபட்ட நாக்கு
இதழ் இதழாய் அடி வாங்கும்.

கண்ணாடியில் எழுத்துகள் தலைகீழாய்த் தெரிந்தன.
கழுத்தை ஒடித்துப் படித்தேன்:
திறக்காதீர்.
கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது.

உத்தரவாதம் முடிந்தே ஒன்பது வருஷம்.
யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.
திறக்காதே திறக்காதே என்று
அது கத்திக்கொண்டிருந்த மூன்று வாரமும்
நான் ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டிருந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து,
இடுக்கியால் கிழித்தேன்.
வலப்பக்கத்து விரலில் ஒட்டியது.
உதறினால் இடப்பக்கத்து விரலுக்கு மாறியது.
ஒன்பது வருஷம் ஒட்ட மறந்த பசைக்கு
இப்போதுதான் ரோஷம்.

திங்கட்கிழமை லிஃப்டில் லேலோ.
"பறவை?"
"போய்விட்டது. வலசை."

எட்டு மாடியும் அவள் பேசவில்லை.
கதவு திறந்ததும்
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
"மரங்கொத்தி வலசை போகாது" என்று
பனியைப் பார்த்துச் சொல்லிவிட்டு
நடந்தாள்.